அரக்கோணம் வரை ஒரே பாட்டு

பெரம்பூரில் ஏறியதும் கோதண்டத்துக்கு ஜன்னலோரம் கிடைத்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். ஆபீஸ் கூட்டம் வடிந்த பிறகு அரக்கோணம் லோக்கலில் ஜன்னலோரம் யாருக்குத்தான் கிடைக்காது என்று உடனே தன் சகுனத்தைத் தானே கெடுத்துக்கொண்டார். கையில் ஒன்றும் இல்லை, அதுதான் உறுத்தல். பெண்டாட்டியை அழைத்து வரப் போகிற மனுஷன் ஒரு சீப்பு வாழைப்பழம்கூட இல்லாமல் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், பார்க்கிறவர்கள் இருக்கட்டும், இந்த இரண்டு கையை எங்கே வைத்துக்கொள்வது, தொடை மேல் வைத்தால் போட்டோ எடுக்க உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, கட்டிக்கொண்டால் சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கிறது. பழம் வேண்டாம் என்று தீர்மானித்ததும் அவர்தான். போன முறை தட்டு போயிற்று. வெற்றிலை பாக்கு, ஆப்பிள், சாத்துக்குடி, இரண்டு முழம் மல்லி, ரவிக்கைத் துணி எல்லாம் அடுக்கி அக்காவையும் அக்கா புருஷனையும் அனுப்பிவைத்தார். அவர்கள் வீட்டு வழக்கம் அது. கோபித்துக்கொண்டு போனவளை அழைக்கப் பெரியவர்கள் தட்டோடு போவார்கள், கட்டினவன் வீட்டிலேயே இருப்பான், ரொம்பத் துணிச்சல்காரனாக இருந்தால் அந்தத் தெருமுனை டீக்கடை வரைக்கும் வந்து நிற்பான். அம்சவேணி வந்தவர்களை உட்காரவைத்து, வடை சுட்டுப் போட்டு, காபி கொடுத்து, பூவை மட்டும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "கூப்பிட வந்தவங்க கூப்பிட்டுட்டீங்க அண்ணி, சந்தோஷம். கூப்பிட வேண்டியவரு எங்க? அவருக்கு வாய் இல்லையா?" அக்கா திரும்பி வந்து அதை அவளைப் போலவே கழுத்தைச் சாய்த்துச் சொல்லிக் காட்டினாள். அக்காவுக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் வடை நன்றாக இருந்தது என்றும் சொன்னாள்.

வில்லிவாக்கம் வந்தபோது ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரே பாட்டு, முடிந்தால் மறுபடி அதுவே. முதலில் ஆர்கன், சர்ச்சில் எல்லாரும் உட்கார்ந்து இருமி முடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல. அப்புறம் டிரம், ஒவ்வொரு அடியும் கொஞ்சம் தாமதமாக விழுகிறது, அடுத்த அடி எடுத்து வைக்க மனசில்லாதவன் நடப்பதுபோல. அப்புறம் அந்த ஆள். மரியாதையாகத்தான் ஆரம்பிக்கிறான். தாழ்ந்த குரலில், பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்ற நினைப்போடு. என்ன சொல்கிறான் என்று கோதண்டத்துக்குத் தெரியாது. பட்டறையில் வெல்டராக இருந்த காலம் முழுக்க அவருக்குத் தேவைப்பட்ட இங்கிலீஷ் ஓவர்டைம், ரிஜெக்ட், ஓக்கே என்று மூன்று வார்த்தைக்குள் அடங்கிவிட்டது. பாட்டில் ஒரு 'பிளீஸ்' மட்டும் பிடிபடும். அதைச் சொல்கிறான், மறுபடி சொல்கிறான், டிரம்பெட்டுகள் பின்னால் வந்து நின்று, சொல்லுப்பா, நாங்கள் இருக்கிறோம் என்று தோள் கொடுக்கின்றன, உடனே பாடுவதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பிக்கிறான், நிஜமாகவே பேச்சு, தாளம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, இவன் எதிரே இருக்கிற யாரிடமோ நடந்ததைச் சொல்கிறான், பேசிக்கொண்டே இருக்கும்போது பேச்சு போதாமல் போய் மறுபடி பாட்டாகிறது, குரல் மேலே ஏறுகிறது, ஒரு இடத்தில் கிழிகிறது. அந்த இடம். கோதண்டம் தொழிலில் விரிசல் என்றால் தேய்க்க வேண்டும், உருக்கி நிரப்ப வேண்டும், விரலால் தடவினாலும் தெரியாதபடி மூட வேண்டும், இல்லாவிட்டால் இன்ஸ்பெக்டர் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவான். இங்கே விரிசலை அப்படியே விட்டிருக்கிறார்கள். இன்னொரு தரம் பாடுடா என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு ஆம்பளை, தடித்த கழுத்துக்காரனாகத்தான் இருப்பான், ஊரே கேட்கும்படி கெஞ்சுகிறான், அதற்காக யாரும் அவனைக் கேலி செய்யவில்லை.

இந்தப் பாட்டைக் கொடுத்தவன் டெரிக். அதே செக்‌ஷனில் ஃபிட்டர், ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு, இப்போது ஆஸ்திரேலியாவில் மகனோடு இருக்கிறான், கிறிஸ்துமஸுக்கு மட்டும் போன் செய்வான். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில்தான் முதலில் கேட்டது, ரிக்கார்டில். "என்ன மேன், அப்படியே உக்காந்துட்ட? இது டீப் சோல். அமெரிக்காவுல தெக்குப் பக்கத்து ஆளுங்க பாடுறது. சோல்னா ஆத்மா. சர்ச்ல கடவுள்கிட்ட அழுவுறாங்க பாரு, அதே அழுகைய வெளிய வந்து பொம்பளகிட்ட அழுவுறாங்க, அவ்ளோதான் வித்தியாசம்." அர்த்தம் சொல்லு என்றால், "அர்த்தம் ஒண்ணும் இல்ல மேன். போகாதேன்னு சொல்றான். மூணு நிமிஷமா அதையேதான் சொல்றான்." டெரிக்குக்கும் அவன் மனைவி மொரீனுக்கும் சண்டை வந்தால் டெரிக் ஒன்றும் பேச மாட்டான், இந்த ரிக்கார்டைப் போட்டு சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவான். அடுப்படியிலிருந்து மொரீன் ஈரக்கையோடு வந்து அதை நிறுத்துவாள், நிறுத்தும்போது அவள் உதட்டோரம் சிரிப்பு இருக்கும், அன்றைக்குக் கோதண்டத்துக்கும் சேர்த்துச் சாப்பாடு உண்டு. கெட்டிக்காரன் டெரிக். இதே பாட்டைக் கேட்டபோது அம்சா அப்படிச் சிரிக்கவில்லையே. அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும், இன்னும் ஆவடிகூட வரவில்லை, ஆனால் நினைப்பு என்ன ஸ்டேஷன் பார்த்தா நிற்கிறது.

அம்சா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அது. கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். கட்டி எப்படிப்பட்டது என்று பார்க்க வெளியே சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், கெட்டது ஒன்றும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது, தெரிகிற வரைக்கும் கோதண்டம் செய்யாத வேலை இல்லை. ஆட்டோ, மாத்திரை, இளநீர், கஞ்சி, ரத்தம் கொடுக்க ஆள், நர்ஸுக்கு டீ, எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை மட்டும் பேசவில்லை. உட்கார்ந்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று கதவோரம் நின்றுகொண்டே இருந்தார். அவளைத் தள்ளிக்கொண்டு போனபோது ஆபரேஷன் தியேட்டர் கதவு இரண்டு பக்கமும் ஆடி ஆடி நின்றது, நின்ற பிறகு அந்த வராண்டாவில் அவர் தொண்டைக்குள் என்னவோ வந்து அடைத்துக்கொண்டது, அது இறங்கவே இல்லை, தண்ணீர் குடித்தார், இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மத்தியானம், அவள் உள்ளே தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, ஹாலில் உட்கார்ந்து இந்தப் பாட்டைப் போட்டார். குரல் கிழிகிற அந்த இடத்தில் இவருக்கும் என்னவோ கிழிந்தது. சட்டை நனைகிற அழுகை. ஹெட்செட் காதில் இருந்ததால் தன் சத்தம் தனக்குக் கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டிருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக வந்து நின்றிருக்கிறாள், எவ்வளவு நேரமோ. தோளைத் தொட்டாள். "என்னங்க, எனக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே" என்றாள், அப்படி ஒரு குரலில் அவள் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, முகமெல்லாம் பூரிப்பு, மனுஷன் நமக்காக அழுகிறானே என்று. அப்புறம்தான் காதில் இருப்பதைப் பார்த்தாள். கழற்றித் தன் காதில் வைத்தாள். கேட்டாள். "யாரு இந்த ஆளு?" "பாட்டு." "என்னா சொல்றான்?" "தெரியாது." "என்னான்னே தெரியாததுக்கா இப்படி அழுவுறீங்க? நான் உள்ள கெடந்தப்ப எனக்குன்னு ஒரு சொட்டு வந்துச்சா?" அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். உனக்காகத்தான், வேறு வழியாக வருகிறது, என் வழி அடைத்துக் கிடக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவர் ஹெட்செட் ஒயரைச் சுருட்டினார். ஒழுங்காக, முடிச்சு விழாமல் சுருட்டினார். தையல் ஆறியதும் அவள் பையில் புடவைகளை எடுத்து வைத்துக்கொண்டு, தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்றாள். கோதண்டம் சரி என்றார். வாசலில் செருப்பு மாட்ட அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது, ஒரு செருப்பு மாட்டுவதற்கு அவ்வளவு நேரம் யாருக்கும் ஆகாது, அது அவருக்கு அப்போதே தெரியும். அந்த நேரம் பூராவும் அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவடியில் கூட்டம் ஏறி இறங்கியது. எதிர் சீட்டில் ஒரு அம்மாள் வந்து காலிக் கூடையைக் காலுக்கடியில் தள்ளி உட்கார்ந்தாள், கீரை விற்று முடித்துத் திரும்புகிறவள், கூடையில் ஈரச்சாக்கும் இரண்டு கொத்தமல்லித் தழையும். கோதண்டம் ஜன்னல் பக்கம் திரும்பி ஒத்திகை பார்த்தார். அம்சா, வீட்டுக்கு வா. கட்டளை மாதிரி இருக்கிறது. அம்சா, வீட்டுக்கு வரியா. பால் வாங்கிட்டு வரியா என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. நடந்தது நடந்துபோச்சு. சீ, பஞ்சாயத்து. நீ இல்லாம வீடு வீடா இல்ல. இதை எங்கேயோ கேட்டிருக்கிறோம், ஏதோ சினிமாவில் கேட்டது, அவளும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பாள், சிரித்துவிடுவாள், சிரித்தாலும் பரவாயில்லை, சிரிக்காமல் வாங்க, காபி சாப்பிடுறீங்களா என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது. அவள் முகம் வெளியாள் முகமாக ஆகிவிட்டிருந்தால்? அந்தப் பயம்தான் பெரம்பூரிலிருந்து கூடவே வருகிறது. மிச்சம் இருக்கிற வருஷங்களை ஓட்டிவிடலாம், மெஸ் சாப்பாடு, டிவி, ராத்திரி மாத்திரை, எல்லாம் நடக்கும், எதுவும் நின்றுபோகாது, அதுதான் பயங்கரம். "இன்னா நைனா, தனியா பேசிக்கினு வர்ற?" என்றாள் கீரைக்கார அம்மாள். கோதண்டம் ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "பொண்டாட்டியக் கூப்பிடப் போறேன்" என்று வந்துவிட்டது. அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "வெறுங்கையோடயா?" "ஆமா." "நல்லா வாங்கிக் கட்டிக்கப் போற" என்று சொல்லிவிட்டு அவள் தலையைச் சாய்த்துத் தூங்கத் தயாரானாள். கோதண்டத்துக்குச் சிரிப்பு வந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் எவ்வளவு சுளுவாக வந்துவிட்டது, தொண்டை அடைக்கவில்லை, ரயிலும் கவிழவில்லை.

திருநின்றவூர் தாண்டி ஏரியில் தண்ணீர் கிடந்தது, அதன் மேல் வெயில். பாட்டு பத்தாவதோ பதினொன்றாவதோ முறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தது. அம்மா செத்த அன்று வீட்டுக்குள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு ஆடி ஆடி அழுதார்கள், புதிதாக ஒருத்தி வரும்போதெல்லாம் வட்டம் திறந்து அவளையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அப்பா வெளியே நின்று மூங்கில் வந்ததா, பானை வந்ததா, மேளக்காரருக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றையும் மறக்கவில்லை. எல்லாரும் மெச்சினார்கள், கல்லு மாதிரி நின்னாருப்பா என்று. அப்பாவின் தொண்டை மட்டும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்ற கோதண்டம் பார்த்தார். பெண்களுக்கு அழ ஒரு வட்டம் இருந்தது, அப்பாவுக்கு மூங்கில்தான் இருந்தது. கோதண்டத்துக்கு ஆஸ்பத்திரியில் இளநீர். டெரிக்குக்கு ரிக்கார்டு. இங்கே நினைப்பு எதிலோ மாட்டிக்கொண்டு இழுத்தது, போகாமல் நின்றது, என்ன அது, டெரிக்குக்கு ரிக்கார்டு. டெரிக்கும் மொரீனிடம் வாயைத் திறந்ததில்லையே. அவனும் ஆள் அனுப்பியிருக்கிறான். எங்கேயோ அமெரிக்காவில் தெற்குப் பக்கத்தில் இருக்கிற ஒருத்தனை, பாவம், அடுப்படி வரைக்கும் அனுப்பிக் கெஞ்ச வைத்திருக்கிறான். நான் அக்காவை அனுப்பினேன். அதற்கும் முன்னால், எனக்கு அழ வேண்டியிருந்தபோது இந்த ஆளை அனுப்பினேன், என் சார்பில் நீ கிழித்துக்கொள்ளுப்பா, நான் இங்கே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன் என்று. இந்தப் பாட்டுக்காரன் தன் பெண்டாட்டி வாசலில் தானே போய் நின்றவன். டிரம்பெட்டுக்காரர்கள் பார்க்க, மைக் பார்க்க, தெரிந்தவன் தெரியாதவன் எல்லாம் பார்க்க, தன் தொண்டையைத் தானே கிழித்துக்கொண்டவன். அதைக் கேட்டு நான் கற்றுக்கொண்டது கேட்பதை மட்டும்தான். வெட்கமாக இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், வெட்கத்தோடு கூடவே இலேசாகவும் இருந்தது, பூட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவனுக்குச் சாவியும் பக்கத்தில்தான் இருக்கும் என்று தோன்றுமே, அப்படி. திருவள்ளூரில் கீரைக்கார அம்மாள் விழித்துக் கூடையோடு இறங்கினாள். திரும்பிப் பார்த்து, "கால்ல வேணா வுழுந்துடு நைனா" என்றாள். கோதண்டம் ஹெட்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

பாட்டு போனதும் ரயில் சத்தம் வந்தது. கடலை விற்கிறவன், குழந்தை அழுகை, தூரத்தில் யாருடைய போனிலோ செய்தி. காது வெறிச்சென்று இருந்தது, கையைப் போலவே. கடம்பத்தூர், மணவூர், திருவாலங்காடு. வயல், செங்கல் சூளை, வயல். ஒத்திகை பார்த்த வாக்கியங்களைத் தேடினார், ஒன்றுகூட இல்லை, சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி. இறங்கி மறு ரயிலில் திரும்பிவிடலாம். யாருக்கும் தெரியாது. அவளுக்கு நான் வருவதே தெரியாது. இப்படி நினைத்துக்கொண்டே அரக்கோணத்தில் இறங்கி, நினைத்துக்கொண்டே மேம்பாலப் படி ஏறி இறங்கி, நினைத்துக்கொண்டே ஆட்டோ வேண்டாம் என்று கையாட்டி நடந்தார். கால்களுக்கு அவருடைய யோசனை எதுவும் எட்டியதாகத் தெரியவில்லை. பழக்கடை வந்தது, கை தன்னால் பாக்கெட்டுக்குப் போயிற்று, ஆரஞ்சு நன்றாகத்தான் இருந்தது, ஒரு கிலோ இருந்தால் பேச்சை ஆரம்பிக்கவாவது ஆகும், வேண்டாம். தாண்டினார். மைத்துனன் தாமோதரன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். "வாங்க மாமா" என்று துள்ளி எழுந்தான், கையில் சோப்பு நுரை. "உள்ள வாங்க, ஏன் தெருவுலயே நிக்கறீங்க? அக்கா, மாமா வந்துருக்காரு பாரு." உள்ளே போனால் நாற்காலி வரும். நாற்காலியில் உட்கார்ந்தால் காபி வரும், மழையைப் பற்றிப் பேச்சு வரும், சாப்பிட்டுட்டுப் போங்க என்பார்கள், சாயங்காலம் அவள் பையை எடுத்துக்கொண்டு வந்தாலும் வருவாள், அல்லது வரமாட்டாள், எப்படி ஆனாலும் இவர் வாயிலிருந்து ஒன்றும் வந்திருக்காது. கோதண்டம் கேட்டைத் திறக்கவில்லை. தெருவிலேயே நின்றார்.

அம்சவேணி வந்தாள். மாவு பிசைந்த கை, இளைத்திருந்தாள், தலையை இழுத்து முடிந்திருந்தாள். வாசல்படியில் நின்று பார்த்தாள். அக்கா எங்கே, அக்கா புருஷன் எங்கே என்று அவர் பின்னால் அவள் பார்வை ஒரு தரம் போய்விட்டுத் திரும்பியது. யாரும் இல்லை. அவர் கையைப் பார்த்தாள், அதிலும் ஒன்றும் இல்லை. "அம்சா" என்றார் கோதண்டம். அதற்குமேல் சொல்ல வந்தது தொண்டையில் உடைந்து, கேட்க நன்றாக இல்லாத ஒரு சத்தமாக வெளியே வந்தது. எதிர் வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வழக்கமாக இருந்தால் கோதண்டம் இருமி அதை மூடியிருப்பார். இருமவில்லை. "அந்தக் கதவு மூடுச்சுல்ல, ஆஸ்பத்திரில. உன்னத் தள்ளிக்கினு போனாங்களே. அப்ப எனக்கு... நீ வரமாட்டியோன்னு பயந்துட்டேன் அம்சா. உயிரே போற மாதிரி பயம். உங்கிட்டச் சொல்லத் தெரியல. அன்னிக்கு அழுதது உனக்காகத்தான். பாட்டுக்கு இல்ல. உனக்காகத்தான்." மூக்கு ஒழுகியது, புறங்கையால் துடைத்தார். தாமோதரன் பைப்பை மூடவும் மறந்து நின்றான், தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. "வீட்டுக்கு வா. நான்தான் கூப்பிடறேன். வா." அம்சவேணி எதிர் வீட்டைப் பார்த்தாள், பக்கத்து மாடியைப் பார்த்தாள். "தெருவே பாக்குது" என்றாள். "பாக்கட்டும்" என்றார் கோதண்டம். அவள் முந்தானையில் மாவுக்கையைத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக. துடைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து, அவரை நேராகப் பார்த்து, "ம். இன்னும் சொல்லுங்க" என்றாள்.